சின்ன மேடு

அக்டோபர் பிறந்துவிட்டால் ஸின்பூ ஊர்க் காற்றுக்குத் தலைகால் புரியாது. கடலில் கிளம்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஏறி வந்து, ஒரு வீட்டுக் கொடியில் காய்கிற சட்டையை இன்னொரு வீட்டு வேலியில் மாட்டிவிட்டுப் போகும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் ஒருக்களித்தே ஓட்டுவார்கள். இருந்தாலும் ஊரில் ஒருத்தரும் அதைத் திட்ட மாட்டார்கள். தோல் சீவின, செம்மஞ்சள் நிறப் பெர்சிமன் பழத்தை அழுகவிடாமல் காயவைத்துக் கொடுப்பது அந்தக் காற்றுதான். வெயில் சும்மா நிறம் கொடுத்துவிட்டுப் போகிற விருந்தாளி.

லான்மெய் வீட்டுக் களத்திலும் மூங்கில் தட்டுகள் வரிசையாக ஏறியிருந்தன. விடிந்ததும் பழம் ஒவ்வொன்றையும் புரட்டிப் போட வேண்டும். தோல் கொஞ்சம் இறுகினதும் விரலால் பதமாக அமுக்கிவிட வேண்டும். கூட அமுக்கினால் பிதுங்கிவிடும், அமுக்காவிட்டால் உள்ளே கட்டிதட்டிப் போகும். ஆகஸ்டு கடைசியில் களத்துப் படியில் வழுக்கி விழுந்ததில் லான்மெய்க்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் பிடிமானம் வரவில்லை. கைதான் முடங்கியிருந்ததே தவிர வாய் நல்ல தெம்பாக இருந்தது.

அந்த வாய்க்கு ஈடுகொடுத்துப் பேச வீட்டில் ஆளில்லாமல் போனதுதான் அவளுக்கு அந்த வாரத்துக் குறை. மகன் ஹுவான்சாங் மருமகளோடு பேசவில்லை. மருமகள் யுன்சென் மகனோடு பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே காரில் ஏறி, நகரத்தில் ஒரே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், ஒரே காரில் ஊமைகளாகத் திரும்பி வந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்தக் கூடத்தில் குவாண்டம் கணினிக்குச் சில்லு செய்கிறார்கள். தகட்டின்மேல் டான்டலம் என்கிற உலோகத்தை மெல்லிய படலமாகப் படிய வைப்பது ஹுவான்சாங்கின் வேலை. வேறொரு கூடம் வேண்டாமென்று தள்ளிய பழைய இயந்திரம் ஒன்றை எட்டு வருஷமாகப் பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அது இருமினால் இவனுக்குத் தும்மல் வரும். அவன் படிய வைத்த படலம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது யுன்சென்னின் வேலை. எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, மேற்பரப்பில் என்னென்ன அணு இருக்கிறது, எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத் திரையில் மேடும் பள்ளமுமாக விழுகிற கோட்டில் படித்துச் சொல்வாள். செய்கிறவன் ஒருத்தன், குறை சொல்கிறவள் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். அதனால் அதுவரை அவர்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

செப்டம்பரிலிருந்து சில்லுகளுக்கு மறதி பிடித்தது. குவாண்டம் சில்லுக்கு ஞாபகம் என்பதே கண்ணிமைக்கிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நிற்கும். அதற்குள் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துளி ஞாபகமும் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. கூடத்தின் தலைவி ஷாவ் மேடம் செவ்வாய்க்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டபோது யுன்சென்தான் எழுந்து சொன்னாள்: மேற்பரப்பில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, பழைய இயந்திரத்தில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குகிற பம்பின் எண்ணெயாக இருக்கலாம்.

அந்த 'இருக்கலாம்' மேடத்தின் காதில் ஏறவில்லை. இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டு, படலத்தை வெளியில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்றார். ஹுவான்சாங்குக்குத் தைனானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை வாங்கித் தருவதாகவும் அங்கேயே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முடிவு. தைனான் நகரம் தீவின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. போனால் வாரக் கடைசிக்கு வீட்டுக்கு வருகிற புருஷன்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேகவைத்த கோழியும், தொட்டுக்கொள்ளக் கிச்சிலிப்பழத் தொக்கும் இருந்தன. தட்டில் கோழி குறையவே இல்லை.

"ஏன்டா, கோழி வேகலையா?" என்றாள் லான்மெய்.

"சாப்பிடறேன்ல."

"சாப்பிடற சாப்பிடற. மாடுகூட தின்னும்போது ஒரு சத்தம் குடுக்கும்."

யுன்சென் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தாள். "அம்மா, நான் ஒண்ணும் வேணும்னு சொல்லல. பாத்ததைச் சொன்னேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"உன்னை யாரும்மா கேட்டா? நான் கோழியைப் பத்தியில்ல கேட்டேன்."

ஹுவான்சாங் அப்போதுதான் வாயைத் திறந்தான். நாலு நாளாக அடைத்து வைத்திருந்தது மொத்தமாக வந்தது. "பாத்ததையா சொன்ன? எண்ணெயைப் பாத்த. சரி. பம்பு எண்ணெய்னு எதுல பாத்த? அது மேல என் பேரு எழுதியிருந்துச்சா?"

"வேற எங்கேருந்து வரும்? அந்தக் கூடத்துல எண்ணெய் இருக்கற எடம் அது ஒண்ணுதான்."

"நல்லாருக்கு. ஊருக்குள்ள ஒருத்தன்தான் குடிப்பான், அதனால ரோட்டுல கெடக்கற பாட்டில் எல்லாம் அவனோடது."

"சாப்பிடற எடத்துல உங்க சித்தப்பனை இழுக்காத," என்றாள் லான்மெய்.

"நான் சித்தப்பாவைச் சொல்லலம்மா!"

"ஊருக்கே தெரியும் யாருன்னு."

யுன்சென்னுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சிரித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று தொக்குக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹுவான்சாங் விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பம்பு எண்ணெயில ஒரு துளி எடுத்து உன் மிஷின்ல வச்சுப் பாத்தியா? ரெண்டும் ஒண்ணுதானான்னு ஒத்துப் பாத்தியா?"

"எண்ணெயை உள்ள வச்சா மிஷின் அழுக்காயிடும். அதைச் சுத்தம் பண்ண ஒரு வாரம் ஆகும்."

"அப்பச் சரி. புருஷன் பேரு அழுக்கானாப் பரவால்ல, மிஷின் அழுக்காயிடக் கூடாது."

அவன் எழுந்து களத்துப் பக்கம் போய்விட்டான். யுன்சென் கோழியை மூடி வைத்தாள். அவன் கத்தினது அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் உறைத்தது. வேறு யாருடைய இயந்திரமாக இருந்தாலும் அவள் ஒத்துப் பார்க்காமல் வாய் திறந்திருக்க மாட்டாள். புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயத்தில் அவசரப்பட்டு அவன் மேலேயே போட்டுவிட்டாள். நேர்மையைக் காட்டிக்கொள்ளப் போய் வேலையில் கோட்டை விட்டுவிட்டோமோ என்று அன்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவளுடைய ஸ்கூட்டர் இருக்கையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. பக்கத்தில் அலுமினியத் தாளில் மடித்த பொடிப்பொடித் துண்டுகள். குப்பியில் பம்பு எண்ணெய். துண்டுகள் அவனுடைய இயந்திரத்திலிருந்து நேராக எடுத்து, வேறெங்கும் படாமல் அவன் பத்திரப்படுத்தி வைத்திருந்தவை. ஆள் களத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பழம் புரட்டிக்கொண்டிருந்தான்.

"திரும்பிப் பாக்க மாட்டியாக்கும்," என்றாள்.

"காத்து அடிக்குது. கேக்கல," என்றான்.

விடுமுறை நாளானதால் கூடத்தில் அவளைத் தவிர ஆளில்லை. ஒரு சுத்தமான துண்டில் எண்ணெயைத் தொட்டு, துடைத்துத் துடைத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெலிதாக்கி உள்ளே வைத்தாள். கோடு விழ ஆரம்பித்தது. கரிமத்தின் பெரிய மேடு எழுந்தது. கெட்டுப்போன சில்லிலும் இதே மேடுதான். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். அச்சு அசலாகப் பொருந்தின.

பெரிய மேடு பொருந்தியது. அதற்கு இடது பக்கம் ஒரு சின்ன மேடு இருந்தது, அது பொருந்தவில்லை.

இந்தச் சின்ன மேடு இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றுப்பட்ட எந்தத் துண்டிலும் கொஞ்சம் இருக்கும். தெருப் புழுதி மாதிரி. அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்பார்கள். அவளும் பழக்கதோஷத்தில் கழித்திருந்தாள். இப்போது கழிக்காமல் பார்த்தால், பம்பு எண்ணெய்த் துண்டில் அது தரையோடு தரையாகக் கிடந்தது. கெட்ட சில்லில் நிமிர்ந்து நின்றது. ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிற கரிமம். இயந்திரத்துக்கு ஊற்றுகிற எண்ணெயில் அது கிடையாது. அது இருப்பது வாயில் போடுகிற எண்ணெயில். நேற்று மூடி வைத்த கோழியின்மேல் மிதந்துகொண்டிருந்தது அந்த ஜாதிதான்.

"சமையல் எண்ணெயா?" என்று வாய்விட்டே கேட்டாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு நுழைகிற கூடத்தில் யார் வந்து வடை சுட்டார்கள்?

ஆனால் ஒன்று நிச்சயமாகிவிட்டது. ஹுவான்சாங்கின் பம்பு குற்றவாளி இல்லை. அவன் மடித்துக் கொடுத்த துண்டுகளையும் வைத்துப் பார்த்தாள். பளிங்கு மாதிரி இருந்தன. அவளுக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

பிறகு அவளுக்கு நிதானம் வந்துவிட்டது. சில்லு போகிற பாதையிலேயே போனாள். இயந்திரத்திலிருந்து வந்தது சுத்தம். கழுவி, வெட்டின துண்டும் சுத்தம். அதற்கப்புறம் சில்லுகளைக் கடுங்குளிரில் ஓட்டிப் பார்க்கிற குளிர்பெட்டிக்குப் போகிறவரை அவை காற்றுப்படாமல் காத்திருக்கிற இடம் ஒன்று உண்டு. எஃகில் செய்த வெற்றிடப் பெட்டி. அது யுன்சென்னின் பொறுப்பு. அதிலிருந்து எடுத்த துண்டில் சின்ன மேடு நிமிர்ந்து நின்றது.

பெட்டியைத் திறந்து தட்டுகளை உருவினாள். கடைசித் தட்டுக்குப் பின்னால் கையை விட்டபோது ஏதோ சரசரத்தது. வெளியே இழுத்தாள். பச்சை நிறப் பொட்டலம். வெற்றிடத்தில் ஊதிப் பெருத்து, ஒரு பக்கத்துத் தையல் விட்டு, இப்போது தொங்கிப்போய்க் கிடந்தது. தேங்காய்ப்பால் மணம் குப்பென்று அடித்தது.

அந்த நகரத்தில் இயந்திரம் வைத்திருக்கிற ஒருத்தரும் பச்சைப் பொட்டலம் வைக்காமல் இருக்க மாட்டார்கள். தேங்காய்ப்பால் போட்ட சோளப்பொரி. அதை இயந்திரத்தின் தலையில் வைத்துவிட்டால் இயந்திரம் அடம்பிடிக்காமல் ஓடும். பச்சைதான் வைக்க வேண்டும், ஓடுகிற இயந்திரத்தின் விளக்கும் பச்சைதானே. மஞ்சளோ சிவப்போ வைத்தால் வைத்தவனைச் சும்மா விட மாட்டார்கள். காலாவதித் தேதி தாண்டக் கூடாது. தேதி இருக்கிறவரை அந்தப் பொட்டலத்தை அதன் இயந்திரத்தை விட்டுப் பிரிக்கவும் கூடாது. டாக்டர் பட்டம் வாங்கினவர்களும் இதில் தர்க்கம் பேசுவதில்லை. பேசினவன் இயந்திரம் மறுநாளே நின்றுபோன கதை எல்லாக் கூடத்திலும் ஒன்று உண்டு.

இந்தப் பெட்டியின் தலையில் இருந்த பொட்டலம் யுன்சென் வாங்கி வைத்தது. ஆகஸ்டு கடைசியில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தபோது ஷாவ் மேடம், "இது ஆராய்ச்சிக்கூடமா, பெட்டிக்கடையா? ஒரு பொட்டலம் என் கண்ணுல படக் கூடாது, எங்கயாவது ஒளிச்சு வைங்க," என்று சத்தம் போட்டார். விருந்தாளிகள் போன பிறகு எல்லாப் பொட்டலமும் திரும்பி வந்தன. இவளுடையது மட்டும் வரவில்லை. யாரோ பசிக்குத் தின்றுவிட்டார்கள் என்று திட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வைத்தாள். அது இப்போதும் பெட்டியின் தலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

"உன் பம்பு இல்ல," என்றாள் எடுத்த எடுப்பில். "நான் சொன்னது தப்பு. என் பெட்டிதான். உள்ள ஒரு பொட்டலம் கெடந்துச்சு."

அந்தப் பக்கம் மூங்கில் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கடைசித் தட்டுக்குப் பின்னாலயா?" என்றான் ஹுவான்சாங்.

யுன்சென் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீயா வச்ச?"

"அன்னிக்குப் பெட்டிப் பம்பைக் கழட்டி ரிப்பேருக்குப் போட்டிருந்தாங்க. உள்ள வெறும் காத்துதான். நீ அன்னிக்கு லீவு. மேடம் கத்தினதும் எல்லாரும் டிராயர்ல போட்டாங்க. உன்னுதை டிராயர்ல போட மனசு வரல. பெட்டியை விட்டுப் பிரிச்ச மாதிரி ஆயிடும்ல? ஒரு நாள் உள்ளயே இருக்கட்டும், அவங்க போனதும் மேல எடுத்து வச்சிடலாம்னு நெனச்சேன்." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "சாயங்காலம் அம்மா விழுந்துட்டாங்கன்னு போன் வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரி, கட்டு, அது இதுன்னு நான் திரும்பி வர்றதுக்குள்ள பம்பை மாட்டிட்டாங்க. எனக்கு அது மறந்தே போச்சு."

"வெற்றிடத்துல பொட்டலம் வச்சா வெடிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"எட்டு வருஷமா வெற்றிடத்துலதானே குடித்தனம் பண்றேன்," என்றான் அவன் பரிதாபமாக.

யுன்சென் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் கலங்கிவிட்டது. அவளுக்காக, அவளுடைய பெட்டிக்கு ஒரு நாள்கூடக் காவல் இல்லாமல் போகக் கூடாது என்று செய்திருக்கிறான் இந்த முட்டாள். அதைத்தான் அவள் ஊர் முன்னால் பம்பு என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் களத்தில் மூன்று பேரும் பழம் அமுக்கினார்கள். லான்மெய் இடது கையால் அமுக்கினாள், பாதி பழம் கோணலாகப் போனது. மகனும் மருமகளும் பேசிக்கொண்டதில் அவளுக்கு விஷயம் பாதி புரிந்தது, பாதியை அவளே இட்டுக்கட்டிக்கொண்டாள்.

"திங்கக்கெழமை என்ன சொல்றது?" என்றாள் யுன்சென். "பெட்டியில ஒரு பொட்டலம் இருந்துச்சு, யாரு வச்சதுன்னு தெரியலன்னு சொல்லிடறேன். பொய்யில்லையே. உன் மிஷின் பொழச்சுக்கும்."

"பாத்ததைச் சொல்றவளாச்சே நீ?"

"பாத்தது பொட்டலத்தை. உன்னைப் பாக்கல."

ஹுவான்சாங் ஒரு பழத்தை அமுக்கி, திருப்பி, மறுபடி அமுக்கினான். "நேத்து ராத்திரி உன்கிட்ட என்னென்ன பேசினேன். என் கை சுத்தம், என் கை சுத்தம்னு. இப்ப நீ எனக்காக மென்னு முழுங்கினேன்னு வை, நாளைக்கு நீ ஒரு துண்டைப் பாத்துச் சுத்தம்னு சொன்னாக்கூட எவனும் நம்ப மாட்டான். நான் சொல்லிக்கறேன். மிஷின் நல்லது, ஆள்தான் முட்டாள்னு."

"முட்டாளை மட்டும் தைனானுக்கு அனுப்பிட்டா?"

அவன் அடுத்த பழத்தை எடுத்தான். லான்மெய்தான் சொன்னாள்: "என்னைச் சொல்லு. அந்த அம்மாகிட்ட, கெழவி விழுந்து தொலைச்சதாலதான் எல்லாம்னு சொல்லு. கையைக் காட்டணும்னாலும் வந்து காட்டறேன்."

"நீங்க வர வேண்டாம்மா," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதில்தான்.

திங்கட்கிழமை கூட்டத்தில் யுன்சென் முதலில் எழுந்தாள். இரண்டு கோடுகளையும் சுவரில் போட்டுக் காட்டினாள். "போன வாரம் பம்புன்னு சொன்னேன். ஒத்துப் பாக்காம சொன்னேன். தப்பு என்னோடது," என்றாள். சின்ன மேட்டைக் காட்டினாள். பிறகு ஒளி ஊடுருவுகிற பையில் போட்ட பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

ஹுவான்சாங் எழுந்தான். "அது நான் வச்சது," என்றான். எப்போது, ஏன், எப்படி மறந்தது என்று விடாமல் சொன்னான். காது மட்டும் பெர்சிமன் நிறத்துக்குப் போயிருந்தது.

ஷாவ் மேடம் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒளிச்சு வைங்கன்னு சொன்னது நான்தான்," என்றார். "அடைகாக்கச் சொல்லல."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டு இருமுகிற மாதிரி நடித்தார்கள்.

"சிரிக்காதீங்க. ரெண்டு மாச வேலை பாழ்." மேடத்தின் பார்வை ஹுவான்சாங்கிடம் வந்து நின்றது. "கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குக் கதை வேண்டாம், சில்லு வேணும். பெட்டியைச் சுத்தம் பண்ணுங்க. உங்க பழைய மிஷின்லயே புதுசாப் படலம் போடுங்க. குளிர்பெட்டியில வச்சுப் பாக்கலாம். ஞாபகம் பழையபடி திரும்புச்சுன்னா மிஷினும் இங்க, நீங்களும் இங்க. திரும்பலன்னா நான் தைனானுக்குப் போன் பண்றேன்."

அடுத்த வாரங்களில் ஹுவான்சாங் பெட்டியைக் கழற்றித் திருகு திருகாகக் கழுவினான், சூடேற்றினான், மறுபடி கழுவினான். யுன்சென் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வைத்துப் பார்த்தாள். சின்ன மேடு மெல்ல மெல்லத் தரையோடு படுத்தது. காரில் போகும்போதும் வரும்போதும் இப்போது பேச்சு ஓயவில்லை. சண்டையும் ஓயவில்லை, ஆனால் அது வேறு மாதிரிச் சண்டை. புதுச் சில்லு குளிர்பெட்டிக்குள் போனதும் அவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அது அடி ஆழக் குளிருக்கு இறங்கவே நாளாகும். ஹுவான்சாங் வீட்டில் தேவையில்லாத அலமாரிக்கெல்லாம் ஆணி அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலைப்பக்கம் கறுத்தது. காற்றில் ஈரவாடை வந்துவிட்டது. தட்டுகளை உள்ளே சேர்க்க வேண்டும், காய்ந்த பழத்தில் மழை பட்டால் அவ்வளவுதான். மூன்று பேரும் ஓடிக்கொண்டிருக்கும்போது யுன்சென்னின் போன் அடித்தது. ஷாவ் மேடம். பழப் பிசுக்கு ஒட்டின விரலால் தொட்டுக் காதில் வைத்தாள். ஹுவான்சாங் அப்படியே நின்றுவிட்டான்.

"சரிங்க மேடம்," என்றாள். "சரிங்க." பிறகு, "மேலதான் வச்சிருக்கோம் மேடம். வெளியிலதான். பச்சைதான்."

போனை அணைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"பழையபடியா?"

"பழசை விடக் கொஞ்சம் கூடவே நிக்குதாம். உன் படலம் இவ்வளவு சுத்தமா இதுவரை அவங்க பாத்ததே இல்லையாம்."

ஹுவான்சாங் களத்துப் படியில் உட்கார்ந்தான். அவன் அம்மா வழுக்கி விழுந்த அதே படி. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யுன்சென் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முதல் தூறல் விழுந்தது.

லான்மெய் இடது கையால் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்தாள். "நிக்குதுங்கறீங்க, கூடங்கறீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இவன் தெக்க போறானா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"போகலம்மா," என்றாள் யுன்சென். "இங்கதான்."

லான்மெய் மகனை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி வாய் கோணியது. ஆனால் சொன்னது வேறு.

"அப்புறம் என்னடா படியில ஒக்காந்துக்கிட்டு? எந்திரி. அந்தப் பக்கத்துத் தட்டைப் பிடி."